முழங்கால் அளவு தண்ணீரில்

பிள்ளைகளே, நீங்கள் எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதலில் கடலைப் பார்க்காதீர்கள். திரும்பி நின்று மரங்களைப் பாருங்கள். கொப்புகளும் இலைகளும் கடல் பக்கமாகச் சாய்ந்து ஆடினால், காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது என்று அர்த்தம். அப்படியான நாளில் கரையோரத் தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த நாளில்தான் மிதக்கிற மெத்தை, டியூப் எதையும் தண்ணீரில் இறக்கக்கூடாது.

இது எனக்கு இப்போது தெரியும். தெரிந்திருக்கவேண்டிய நாளில் தெரியாது. தெரியாது என்று வாய் திறந்து சொல்லவும் இல்லை.

நான் மொன்றியலுக்கு வந்து கிடைத்த இரண்டாவது வேலை, வில்லரேயில் ஒரு கிரேக்க உணவகத்தின் குசினியில் தட்டுக் கழுவுவது. முதலாளி மீசை வைத்த பெரிய மனிதர். அவருடைய பிரெஞ்சும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் எங்கள் இருவருக்கும் நன்றாக விளங்கியது. முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாடு?"

"சிறிலங்கா."

"தீவு!" என்று கையைத் தட்டினார். "நானும் தீவு. சின்னத் தீவு, வரைபடத்தில் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும். அப்படியென்றால் நீ நீந்துவாய்."

அது கேள்வி மாதிரியே இருக்கவில்லை. வேலை வேண்டும். அவர் முகத்தில் சந்தோஷம். நான் தலையை ஆட்டினேன்.

உண்மை என்னவென்றால், எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் செம்மண் பக்கம். வெங்காயமும் புகையிலையும்தான். கடல் ஐந்து மைல் தள்ளி. குளிப்பு கிணற்றடியில். ஆடி அமாவாசைக்கு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முங்கி எழும்புவதுதான் எனக்கும் கடலுக்கும் இருந்த பழக்கம். தீவில் பிறந்தவனெல்லாம் நீந்துவான் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறோம்.

அன்றிலிருந்து குசினியில் என் பெயர் "தீவுக்காரன்". "தீவுக்காரா, தட்டு!" "தீவுக்காரா, உருளைக்கிழங்கு!" தட்டிலிருந்து அடுப்புக்கு நான் உயர்ந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கும் கொண்டுபோனேன். கலியாணம் கட்டி வந்த மனைவிக்கு, பிறகு பிறந்த மகளுக்கு, நான் கடலில் நீந்திய கதைகள் சொன்னேன். சின்னச் சின்னக் கதைகள்தான். ஒரு கதையில் ஒரு மீன் என் காலைக் கடித்தது. மகள் அந்த இடத்தைக் காட்டச் சொல்வாள். பழைய சிரங்குத் தழும்பு ஒன்று இருந்தது, அதைக் காட்டினேன்.

மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அவளுடைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் இருந்த கோட்-டெ-நெய்ஜ் அடுக்குமாடிக்குக் கிட்டவே ஒரு நீச்சல் தடாகம் உண்டு. அங்கே சனிக்கிழமை காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறார்களாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் போனார்கள். கடிதத்தின் கீழே ஒரு வரி இருந்தது. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு தாயோ தகப்பனோ ஒருவர் தண்ணீருக்குள் இறங்கி நிற்கவேண்டும்.

மனைவி சொன்னாள்: "நீங்கள் இறங்குங்கோவன். நான் எப்பிடி உந்த உடுப்போட இறங்கிறது?"

நான் சிரித்தேன். "கடலுக்குப் பக்கத்தில இருந்து வந்த ஆக்களுக்கு உந்தத் தொட்டிக்குள்ள ஆர் பழக்கிறது? நான் பழக்குவன். ஒரு நாளைக்கு நல்ல தண்ணியாப் பாத்து இறக்குவன்."

"எப்ப அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"பேந்து, பிறகு பாப்பம்."

அந்தக் கடிதத்தை மடித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். அடுத்த வருடமும் ஒன்று வந்தது. அதையும் அங்கேதான் வைத்தேன். அவளுக்கு ஆறு வயதான பிறகு நான் இறங்கவேண்டிய தேவைகூட இல்லை. ஆனால் "நான் பழக்குவன்" என்று சொல்லிவிட்டேனே. சொன்னதைத் திருப்பி எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மகளுக்கு வயது ஒன்பதாகிவிட்டது, அவளுக்குப் பின் ஒரு மகனும் பிறந்து வளர்ந்துவிட்டான். "பேந்து" மட்டும் வரவில்லை.

அந்தக் கோடையில் முதலாளி ஒரு நாள் வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். தீவில் அவருடைய தமக்கையின் வீட்டில் கீழறை ஒன்று சும்மா கிடக்கிறதாம். "மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாள் போய் இருந்துவிட்டு வா. நீ எத்தனை வருடமாக உப்புத் தண்ணீரைக் காணவில்லை!" கனடாக் கடவுச்சீட்டு அப்போதுதான் எங்கள் கைக்கு வந்திருந்தது. கல்யாண வீடு, செத்த வீடு தவிர நாங்கள் எங்கேயும் பயணம் போனதில்லை. வீட்டில் சொன்னபோது பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். மனைவி மட்டும், "சுனாமிக்குப் பிறகு எனக்குக் கடல் எண்டாலே நெஞ்சு இடிக்குது" என்றாள். பிறகு அவளே, "நீங்கள் நிக்கிறியள்தானே, பயமில்லை" என்றாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் முதலாளி ஒரு கடதாசிப் பையில் பேனாவால் படம் கீறிக் காட்டினார். இது வீடு. இது கடற்கரை. இது மலை. "காற்று இந்த மலையிலிருந்து வந்தால்..." என்று ஒரு அம்பு கீறத் தொடங்கினார். பாதியில் பேனாவை நிறுத்திச் சிரித்தார். "உனக்கா நான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்? நீ தீவுக்காரன்."

நானும் சிரித்தேன். அந்தப் பாதி அம்பை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "சொல்லுங்கள், எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் அந்த மூச்சை விடவில்லை.

தீவு அழகாக இருந்தது. கடற்கரை மிகச் சின்னது. ஒரு பக்கத்தில் பாறை, மறுபக்கத்தில் நாலைந்து படகு கட்டுகிற சின்னத் துறை. உயிர்காக்கும் ஆட்கள் அங்கே இல்லை. கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிச் செம்மஞ்சள் மிதவைகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. குளிப்பவர்கள் அதற்கு அப்பால் போகக்கூடாது. முதலாளியின் தமக்கைக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். தலையில் ஓலைத் தொப்பியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று, ஊர்ப் பெண்களோடு மணிக்கணக்காகக் கதைப்பார். சந்தையில் நின்று கதைப்பது போலவே இருக்கும். தொப்பி நனையாது. பாறைப் பக்கம் கறுத்த முள்ளுப்பந்து போன்ற உயிரினங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், மிதித்தால் முள் காலில் முறிந்துவிடும் என்று சைகையில் காட்டி, பிள்ளைகளுக்கு இரண்டு சோடி ரப்பர் சப்பாத்துத் தந்தார். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதலாளி அவருக்குச் சொல்லியிருந்தார், வருகிறவர் கடல் தெரிந்த மனிதர் என்று.

முதல் மூன்று நாளும் நான் சாட்டுச் சொன்னேன்.

"வாங்கோ அப்பா, பழக்குங்கோ!"

"சாப்பிட்ட உடன நீந்தக்கூடாது பிள்ளை."

அடுத்த நாள், "எனக்கு முதுகு நோகுது."

அதற்கு அடுத்த நாள், "தம்பியை ஆர் பாக்கிறது?"

மகனுக்கு ஆறு வயது. அவன் முழங்காலளவு தண்ணீரில் வாளியோடு நிற்பான். அவனைக் காவல் காப்பதுபோல நானும் முழங்காலளவில் நிற்பேன். "அப்பா, உங்கட காச்சட்டை இன்னும் நனையேல்ல" என்று மகன் சொன்னான். அவன் பகிடிக்குச் சொன்னான். நான் கொஞ்சம் தண்ணீரை அள்ளிக் காற்சட்டையில் தெளித்துக்கொண்டேன்.

அந்தத் தீவுக் கடையில் மகளுக்கு ஒரு காற்று மெத்தை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நீச்சல் பழக்காததற்கு ஈடாக ஒரு மெத்தை. நீல நிறம், தலைமாட்டில் ஒரு மஞ்சள் மீன். நானே வாயால் ஊதிக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காலையில் கடல் எண்ணெய் மாதிரி இருந்தது. முதல் மூன்று நாளும் சின்ன அலை அடித்தது. அன்று அதுவும் இல்லை. "இண்டைக்குத்தான் நல்ல தண்ணி" என்று நான் மனைவிக்குச் சொன்னேன். முதுகில் சூடான காற்று அடித்தது. மலைப் பக்கமிருந்து வந்தது. வெயிலுக்கு அது சுகமாகக்கூட இருந்தது. கரை மரங்கள் எல்லாம் கடலை நோக்கித் தலையசைத்துக்கொண்டிருந்தன. நான் கடலைத்தான் பார்த்தேன்.

மகள் மெத்தையில் குப்புறப் படுத்துக் கையால் துடுப்புப் போட்டாள். மனைவி மரத்தடியில் சோற்றையும் மீன் குழம்பையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். மிளகாய்த்தூள் மொன்றியலிலிருந்து வந்தது. நான் மகனுடைய வாளியில் மண் அள்ளினேன். எத்தனை நிமிடம் அள்ளினேன் என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது மெத்தை மிதவைகளுக்குக் கிட்டே நின்றது.

"பிள்ளை, இஞ்சால வாரும்!" என்று கூப்பிட்டேன்.

அவள் துடுப்புப் போட்டாள். கை வேகமாகப் போனது. மெத்தை இந்தப் பக்கம் வரவில்லை. மெதுவாக, யாரோ கயிறு கட்டி இழுப்பது போல, மிதவை வரிசையைத் தாண்டியது.

"அப்பா, வரேலாமல் கிடக்கு!"

நான் இறங்கினேன். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. பிறகு கால் வைத்த இடத்தில் மண் இல்லை. ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. இரண்டு கையாலும் அடித்து, விழுந்து, எப்படியோ பின்னால் வந்து கால் ஊன்றினேன். மனைவி சோற்றுக் கையோடு பஞ்சாபி உடுப்பு நனைய ஓடி வந்தாள்.

"என்னப்பா நிக்கிறியள்? நீந்திப் போங்கோவன்!"

நான் அவளைப் பார்த்தேன்.

"கெதியாப் போங்கோ! பிள்ளை போகுது!"

"எனக்கு நீந்தத் தெரியாது."

முதல் தடவையாக அதைச் சொன்னேன். பகிடி விடுகிறேனா என்று பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக் கத்தத் தொடங்கினாள்.

இதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதவேண்டும். என் மகள் மிதக்கிற ஒரு பொருளின் மேல் இருந்தாள். அந்த மெத்தை ஒன்றுதான் அவளுக்கு இருந்த காவல். நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, என் பலமெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"குதி பிள்ளை! குதிச்சு வா! கிட்டத்தான், குதிச்சு வா!"

மெத்தைதான் அவளைக் கொண்டுபோகிறது, அதை விட்டால் வந்துவிடுவாள் என்றுதான் என் மூளை நினைத்தது. நீந்தத் தெரியாத தகப்பன் நான், நீந்தத் தெரியாத பிள்ளையை ஆழக்கடலில் குதிக்கச் சொன்னேன்.

அவள் ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டாள். மற்றக் காலையும் விட்டாள். இடுப்பு வரை தண்ணீரில், இரண்டு கையும் மெத்தையில். என்னைப் பார்த்தாள். அவள் எப்போதும் சொல் கேட்கிற பிள்ளை.

அப்போது முதலாளியின் தமக்கை ஓலைத் தொப்பியோடு தண்ணீருக்குள் நின்று பெரிய குரலில் கத்தினார். கிரேக்கம். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்காது. ஆனால் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து, ஒரு குழந்தையைக் கட்டிப்பிடிப்பது போல இறுக்கிக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். பிடி, விடாதே.

மகள் என்னைப் பார்த்தாள். அந்தத் தொப்பி போட்ட அம்மாவைப் பார்த்தாள். நான் இன்னும் "குதி" என்று கத்திக்கொண்டிருந்தேன். பிறகு அவள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மெல்ல ஒரு காலை மேலே தூக்கினாள், மற்றதையும் தூக்கினாள். மெத்தையில் நெஞ்சை அழுத்திக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்தாள்.

தமக்கை அவளைத் தேடி நீந்திப் போகவில்லை. அதை என்னால் அப்போது விளங்கிக்கொள்ள முடியவில்லை. தண்ணீரிலிருந்து ஏறி, சறுக்காமல் நடந்து துறைக்குப் போய், படகில் இருந்த ஒரு மனிதரைக் கூப்பிட்டார். அவர் இயந்திரத்தை இழுத்து முடுக்கினார். முதல் இழுப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவதிலும் பிடிக்கவில்லை. மூன்றாவதில் பிடித்தது. காற்று அடிக்கும்போது மெத்தையை நீந்திப் பிடிக்க எவராலும் முடியாது, படகுதான் வேண்டும் என்று தமக்கைக்குத் தெரிந்திருக்கிறது. தனியாக நீந்திப் போயிருந்தால் இரண்டு பேரைத் தேடவேண்டி வந்திருக்கும்.

மகளைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் அழவில்லை. உதடு நீலமாக இருந்தது. மனைவி துவாயால் சுற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் போய் முட்டுக்காலில் இருந்தேன். மகள் என்னோடு எப்போதும் தமிழில்தான் கதைப்பாள். அன்று பிரெஞ்சில் கேட்டாள், ஏன் என்னைக் குதிக்கச் சொன்னீர்கள் என்று.

"நீ நீந்துவாய் எண்டு நினைச்சன் பிள்ளை."

அவள் பிறகு தமிழில் சொன்னாள்: "நீங்கள் பழக்கேல்லையே."

அந்த நேரத்திலும் நான் ஒரு பொய்தான் சொன்னேன் பாருங்கள்.

தமக்கை ஒரு தட்டில் தர்ப்பூசணித் துண்டுகள் கொண்டுவந்து மகளுக்கு முன்னால் வைத்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து எழுப்பி, கடலுக்கு முதுகு காட்டும்படி என்னைத் திருப்பி நிறுத்தினார். மரங்களைக் காட்டினார். கொப்புகள் எங்கள் தலைக்கு மேலாகக் கடலை நோக்கி ஆடிக்கொண்டிருந்தன. பிறகு போய்விட்டார்.

பிள்ளைகள் கண்ணயர்ந்த பிறகு மனைவி சொன்னாள்: "கலியாணம் கட்டிப் பதினொரு வருஷம். எனக்குக்கூடச் சொல்லேல்லை."

"நீர் கேக்கேல்லையே."

"நான் கேக்காட்டி என்ன? பிள்ளை கேட்டவள். ஒவ்வொரு கோடையும் கேட்டவள்."

மிச்ச நாட்களில் மகள் மண்ணில் வீடு கட்டினாள். கால் நனைய இறங்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நீல மெத்தையின் காற்றைப் பிடுங்கி, சுருட்டி, அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் முதலாளி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தமக்கை எல்லாவற்றையும் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"ஏன் தெரியும் என்றாய்?"

"வேலை வேண்டும் என்று."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "உன்னை எடுத்தது தட்டுக் கழுவ. தட்டைக் கடலில் போட்டா கழுவச் சொன்னேன்?" என்றார். சிரிப்பாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. வெங்காயத்துக்கோ எதற்கோ கண்ணைத் துடைத்தார். "அந்த அம்பை நானாவது கீறி முடித்திருக்கவேண்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தீவுக்காரன் என்று கூப்பிட்டதில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அது எனக்கு அடி மாதிரி இருந்தது.

செப்டெம்பரில் தடாகத்தில் பெயர் பதிய வரிசையில் நின்றேன். இரண்டு பிள்ளைகளுக்கும் பதிந்தேன். படிவத்தில் தண்ணீரில் என்ன பழக்கம் உண்டு என்று ஒரு கட்டம் இருந்தது. "இல்லை" என்று எழுதினேன். பெரியவர்களுக்கும் ஒரு வகுப்பு இருந்தது; மூன்றாவது படிவத்தையும் வாங்கி, அந்தக் கட்டத்தில் அதே சொல்லை எழுதினேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. இப்போது நான் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு, நடுவில் ஒருமுறை ஓரக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, போய்ச் சேருவேன். மகன் மீன் மாதிரி. மகள் முதல் ஒரு மாதம் படியில் இருந்தாள், பிறகு இறங்கினாள். ஒழுங்காகப் பழகினாள். பழக்குகிற பெண் சொல்வதை ஒவ்வொன்றாகக் கேட்டு, விளங்காவிட்டால் திருப்பிக் கேட்டு, பழகினாள்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை. வகுப்பு முடிந்து, ஈரத் தலைக்குத் தொப்பி போட்டு, மெத்ரோ நிலையத்துக்கு முன்னால் வீதியைக் கடக்க நின்றோம். முன்பெல்லாம் மகள் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு, வாகனம் வருகிறதா என்று பார்க்காமலே என் காலோடு கால் வைத்து வருவாள். நான் பார்த்தால் போதும்.

வீதிச் சமிக்ஞை விளக்கு மாறியது. நான் வீதியில் இறங்கி, "வா பிள்ளை, ஒண்டும் வரேல்ல" என்று கையை நீட்டினேன்.

அவள் ஓரத்திலேயே நின்றாள். இடது பக்கம் பார்த்தாள். வலது பக்கம் பார்த்தாள். திரும்ப ஒருமுறை இடது பக்கம் பார்த்தாள். பிறகு வந்தாள்.

அது நல்ல பழக்கம்தான். நீங்களும் அப்படித்தான் கடக்கவேண்டும். நீட்டிய கையை நான் குளிர்ச்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.